நூறு உறுப்புத் தொடரில் சராசரியின் பரவற்படி ஏன் குறையவில்லை? (அவசரம்)

கயல்_புள்ளியியல் | செவ்வாய், இரவு 10.42

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் நூறு உறுப்புகள் கொண்ட ஒரு தொடர் உள்ளது. அதைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் சராசரி கண்டு, அந்தச் சராசரிகளின் பரவற்படியை (அவை எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவை)க் கணக்கிட்டேன். பாடநூலின்படி 2,835 வர வேண்டும். எனக்கு 12,027 வருகிறது. நிரலை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன், அதில் பிழை இல்லை. பேரெண் விதி (உறுப்புகள் கூடக்கூடச் சராசரி உண்மை மதிப்பை நெருங்கும் என்பது) இத்தொடருக்குப் பொருந்தாது என்று ஆய்வேட்டில் எழுதிவிடலாமா? வியாழக்கிழமை நெறியாளரிடம் கொடுக்க வேண்டும்.

குறியீட்டுத்தச்சன் | இரவு 10.55

என்ன தொடர், ஒரு தொகுதியில் எத்தனை உறுப்புகள், தொகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா, எந்த மென்பொருள் ஆகியவற்றுள் ஒன்றைக்கூட நீங்கள் சொல்லவில்லை. 2,835 என்ற எண் எதை எதனால் வகுத்துக் கிடைத்தது என்பதையும் நாங்களே ஊகிக்க வேண்டியுள்ளது. நிரலில் பிழை இல்லை என்று எழுதுபவர்களின் நிரலைத்தான் நான் முதலில் கேட்பேன்.

வெள்ளைஇரைச்சல் | இரவு 11.03

தொடர் எதுவாயினும், அடுத்தடுத்த உறுப்புகளுக்கிடையே ஒட்டுறவு இருந்தால் இப்படித்தான் வரும். மொத்தப் பரவற்படியை எண்ணிக்கையால் வகுக்கும் சூத்திரம் உறுப்புகள் ஒன்றையொன்று சாராதபோது மட்டுமே செல்லும். முதல் பின்னடைவின் தன்னொட்டுறவுக் கெழு (ஓர் உறுப்பு தனக்கு அடுத்ததோடு எவ்வளவு ஒத்து நகர்கிறது என்ற எண்) எவ்வளவு என்று சொல்லுங்கள், மீதியை நான் சொல்கிறேன்.

கயல்_புள்ளியியல் | இரவு 11.20

மன்னிக்கவும், எல்லாருக்கும் தெரிந்த தொடர் என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. அஸ்வானில் அளக்கப்பட்ட நைல் நதியின் ஆண்டு ஓட்டம், 1871 முதல் 1970 வரை. ஆர் (R) என்னும் புள்ளியியல் நிரல்மொழியுடன் வரும் அதே தரவுதான். அலகு 10 கோடி கன மீட்டர், நூறாண்டுச் சராசரி 919.35. பத்துப் பத்து ஆண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பத்துத் தொகுதிகள் எடுத்தேன். கணக்கைப் பைத்தானில், நம்பை (NumPy) நிரலகத்தின் பரவற்படிச் செயலியைக் கொண்டு செய்தேன். தன்னொட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.5.

குறியீட்டுத்தச்சன் | இரவு 11.31

பிழை இதோ அகப்பட்டது. நம்பை, நீங்களாகச் சொல்லாதவரை, விலக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகையை எண்ணிக்கையாலேயே வகுக்கும். ஆர் மொழி ஒன்றைக் குறைத்துக்கொண்டு வகுக்கும். நூறு உறுப்புகளுக்கு இது பொருட்டல்ல, ஆனால் பத்தே சராசரிகள் இருக்கும் இடத்தில் பத்து விழுக்காடு போய்விடுகிறது. நானும் ஓட்டிப் பார்த்தேன். திருத்தினால் மொத்தப் பரவற்படி 28,638, அதைப் பத்தால் வகுத்தால் 2,864, பத்தாண்டுச் சராசரிகளின் பரவற்படி 13,363. அதாவது கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள விகிதம் 4.2 அன்று, 4.7. திருத்திய பிறகு உங்கள் சிக்கல் பெரிதாகியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளைஇரைச்சல் | இரவு 11.44

நான் சொன்னது சரியாயிற்று. முதல் வரிசைத் தன்தொடர்பு மாதிரியில் (ஒவ்வோர் உறுப்பும் தனக்கு முந்தையதை மட்டும் நேரடியாகச் சார்ந்திருக்கும் மாதிரியில்) கெழு 0.5 எனில், நீண்ட தொடருக்குச் சராசரியின் பரவற்படி 1.5-ஐ 0.5-ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது மூன்று மடங்கு, கூடும். உங்கள் நூறு ஆண்டுகள் ஏறத்தாழ முப்பத்து மூன்று சாராத ஆண்டுகளுக்குச் சமம். ஒட்டுறவுள்ள தொடர்களுக்காகப் பொருளியலாளர்கள் நியூவீ, வெஸ்ட் இருவரும் 1987-இல் தந்த திருத்தத்தைப் பயன்படுத்திவிட்டு நிம்மதியாக உறங்குங்கள்.

குறியீட்டுத்தச்சன் | இரவு 11.52

மூன்று மடங்கு என்பது எல்லை மதிப்பு. பத்து ஆண்டுத் தொகுதிக்கு, அது குறுகியது என்பதற்கான ஓரத் திருத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 2.6 மடங்குதான் வருகிறது, அதாவது ஏறத்தாழ 7,450. கையில் இருப்பதோ 13,363. மீதி ஏறக்குறைய ஆறாயிரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்கள் மாதிரியில் விடை இல்லை.

பழங்கணக்கர் | புதன், காலை 6.10

இந்தக் கேள்வி எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இதே ஆற்றைப் பற்றி எழுப்பப்பட்டு விடையும் சொல்லப்பட்டது என்பதை, முதுகலை வகுப்பில் இருப்பவர்கள் அறிந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எகிப்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய நீரியலாளர் ஹர்ஸ்ட், நைலின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய எவ்வளவு பெரிய நீர்த்தேக்கம் வேண்டும் என்று ஆராய்ந்து 1951-இல் வெளியிட்ட கட்டுரையில், தேவைப்படும் கொள்ளளவு ஆண்டுகளின் எண்ணிக்கையோடு வளரும் அடுக்கு (இதுவே ஹர்ஸ்ட் அடுக்கு), சாராத உறுப்புகளுக்கு 0.5 ஆக இருக்க வேண்டியது, இயற்கைத் தொடர்களில் சராசரியாக 0.73 அளவில் இருப்பதைக் காட்டினார். கணிதவியலாளர் மாண்டல்புரோட்டும் நீரியலாளர் வாலிசும் 1968-இல் இதற்கு யோசேப்பு விளைவு என்று பெயரிட்டனர். விவிலியத்தில் எகிப்துக்கு வந்த ஏழு செழிப்பாண்டுகளும் ஏழு பஞ்சாண்டுகளும்தான் அந்தப் பெயருக்குக் காரணம்.

நீள்நினைவுத் தொடரில், அதாவது பழைய ஆண்டுகளின் தாக்கம் மிக மெதுவாகத் தேயும் தொடரில், சராசரியின் பரவற்படி, ஹர்ஸ்ட் அடுக்கின் இரு மடங்கிலிருந்து 2-ஐக் கழித்தால் எவ்வளவு வருமோ அந்த அடுக்கில் குறையும். அம்மணி தம் எண்களையே மடக்கைப் படத்தில் இட்டுப் பார்த்திருந்தால், 28,638-இலிருந்து 13,363-க்கு இறங்கும் சாய்வு -0.33 என்றும், அடுக்கு 0.83 என்றும் தாமே கண்டிருப்பார்.

பேரெண் விதி பொருந்தாது என்று எழுதுவது பிழை மட்டுமன்று, நெறியாளர் முன் வெட்கப்பட வேண்டிய பிழை. அடுக்கு 1-க்குக் கீழே இருக்கும்வரை பரவற்படி சுழியை நோக்கியே ஒருங்குகிறது. தன்னுடன்பரவற்படிகளின் (தொடர் தன் முந்தைய மதிப்புகளோடு சேர்ந்து மாறுவதை அளப்பவற்றின்) சராசரி சுழியை அடைந்தால் போதும், காலச் சராசரி இருபடிப் பொருளில், அதாவது அதன் பிழையின் வர்க்கச் சராசரி சுழியாகும்படி, ஒருங்கும் என்பதைக் கணிதவியலாளர் ஸ்லட்ஸ்கி நிறுவியிருக்கிறார். இங்கே மாறுவது வேகம், விதி அன்று.

மதகடியான் | புதன், காலை 8.25

ஐயா சொன்ன கடைசிப் பத்தியோடு முழுமையாக உடன்படுகிறேன். அதற்கு முந்தையதோடு இல்லை. நான் புள்ளியியலாளன் அல்லன், பாசனத்துறையில் வேலை பார்ப்பவன். எந்த மாதிரியையும் பொருத்துவதற்கு முன் எண்களை வரிசையாக எழுதிப் பார்ப்பது எங்கள் பழக்கம். தங்கை கணக்கிட்ட அந்தப் பத்துச் சராசரிகளை அவரே ஒருமுறை கண்ணால் பார்த்தாரா என்று தெரியவில்லை. அவை இவை:

1132.6, 1009.1, 1093.4, 868.9, 817.6, 822.1, 859.5, 836.2, 879.5, 874.6.

முதல் மூன்றும் ஆயிரத்துக்கு மேல், அடுத்த ஏழும் தொள்ளாயிரத்துக்குக் கீழ். இடையில் ஒன்றுகூட இல்லை. ஆண்டு வாரியாகப் பார்த்தால் முறிவு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது: 1898-இல் 1100, 1899-இல் 774. அதன் பிறகு 1907 வரை ஒருமுறைகூட 940-ஐத் தாண்டவில்லை. 1898 வரையிலான 28 ஆண்டுகளின் சராசரி 1097.75, பிந்தைய 72 ஆண்டுகளின் சராசரி 849.97. இது மெல்ல மறக்கும் ஆறு அன்று, ஒருமுறை படி இறங்கிய ஆறு.

இறக்கம் 247.8. அந்த இறக்கம் மட்டுமே மொத்தப் பரவற்படிக்கு ஏறத்தாழ 12,380 தருகிறது (0.28, 0.72, இறக்கத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்குங்கள்). தொகுதியை எவ்வளவு நீட்டினாலும் அந்தப் பகுதி ஏறக்குறைய அப்படியே நிற்கும். இரு காலங்களுக்கும் உள்ளே இருக்கும் பரவற்படி 16,300. பத்தாண்டுத் தொகுதியில் அது மட்டும் 1,630 ஆகக் குறையும். இரண்டையும் கூட்டினால் 14,000. உங்களுக்குக் கிடைத்தது 13,363. நீள்நினைவு என்று ஒன்றை இடையில் கொண்டுவராமலேயே கணக்கு முடிந்துவிடுகிறது.

குறியீட்டுத்தச்சன் | காலை 9.02

அப்படியானால் காரணம் அஸ்வான் அணைதான். முதல் அணையின் வேலை 1899-இல் நடந்துகொண்டிருந்தது. தண்ணீரைத் தேக்கினால் ஓட்டம் குறையாமல் என்ன செய்யும்?

மதகடியான் | காலை 9.30

அணை முடிந்தது 1902-இல். 774 என்ற எண் 1899-க்கு உரியது. முடியாத அணை எதைத் தேக்கும்? முடிந்த பின்பும் அதன் முதற்கட்டக் கொள்ளளவு ஏறத்தாழ 100 கோடி கன மீட்டர்தான். இறக்கமோ ஆண்டுக்கு 2,478 கோடி. தேக்கிய நீரையும் அடுத்த கோடையில் திறந்துவிடுவார்கள் என்பதால், ஆண்டுக் கூட்டுத்தொகையில் அணையின் கை இவ்வளவு நீளாது.

மழை குறைந்தது என்பதே பொருத்தமான விளக்கம். நைலின் வெள்ளம் எத்தியோப்பிய மேட்டுநிலத்தின் கோடை மழையால் வருவது, அதற்கும் நம் தென்மேற்குப் பருவமழைக்கும் உறவு உண்டு. 1899-இல் இந்தியாவிலும் பருவமழை பொய்த்துப் பெரும்பஞ்சம் வந்தது. இதே தொடரில் 1877-ஐப் பாருங்கள்: முந்தைய ஆண்டு 1160, அந்த ஆண்டு 813. அதே காலத்தில்தான் சென்னை மாகாணம் தாது வருடப் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தது.

பழங்கணக்கர் | காலை 11.15

பாசனக் கதைகள் சுவையானவை. ஆனால் தரவைப் பார்த்த பின் முறிவுக்கான ஆண்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அந்த முறிவு பொருந்துகிறது என்று மகிழ்வது முறையான சோதனை ஆகாது. எந்த நீள்நினைவுத் தொடரிலும், பார்ப்பவர் விரும்பினால், இப்படி ஒரு படி கண்ணில் படும். அடுத்து, கெய்ரோவில் உள்ள ரோடா தீவின் நைல் நீர்மட்ட அளவுமானியில் 622 முதல் 1284 வரை பதிவான ஆண்டுக் குறைந்தபட்ச மட்டங்கள் 663 உள்ளன. அவற்றிலும் ஹர்ஸ்ட் அடுக்கு 0.8-ஐத் தாண்டுகிறது. அங்கே எந்த ஆண்டில் படி வைக்கப் போகிறீர்கள்?

வெள்ளைஇரைச்சல் | காலை 11.40

அந்த 663-இலும் முதல் நூறு ஆண்டளவு மற்றவற்றைப் போல் நடந்துகொள்வதில்லை, புதிய அளவுமானி கட்டப்பட்டது 715-ஆம் ஆண்டளவில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா. குறுநினைவுத் தொடரோடு மெல்லத் தேயும் ஒரு போக்கைச் சேர்த்தால் ஹர்ஸ்ட் விளைவு அப்படியே தோன்றும் என்று பட்டாச்சாரியா, குப்தா, வேமியர் மூவரும் 1983-இல் நிறுவிவிட்டார்கள். நேற்று நான் எழுதியது முழு விடையாகப் போதாது என்பதை ஏற்கிறேன், அந்த 0.5 கெழுவில் பெரும்பகுதி படியால் வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

மதகடியான் | மதியம் 1.10

ஆண்டைப் பார்த்துத் தேர்ந்தேன் என்ற குற்றச்சாட்டு நியாயமானது, மறுக்கவில்லை. நூறே ஆண்டுகளை வைத்துக்கொண்டு படியா, நீள்நினைவா என்று அறுதியிட முடியாது என்பதும் உண்மை. ஆனால் நீள்நினைவு மெய்யானால், படிக்குப் பிந்தைய பகுதியை மட்டும் எடுத்தாலும் பரவற்படி மெதுவாகத்தானே குறைய வேண்டும்? தங்கை 1901 முதல் 1970 வரை மட்டும் அதே கணக்கைச் செய்து எண்ணை இங்கே இட்டால், நாங்கள் இருவரும் வாதிடுவதற்குப் பதிலாக அதைப் பார்க்கலாம்.

கயல்_புள்ளியியல் | இரவு 9.48

செய்துவிட்டேன். 70 ஆண்டுகளின் பரவற்படி 15,934. பத்தால் வகுத்தால் 1,593. ஏழு பத்தாண்டுச் சராசரிகளின் பரவற்படி 655 (இம்முறை ஒன்றைக் குறைத்துத்தான் வகுத்தேன்). இப்போது எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வருகிறதே, இதற்கு எதிர்மறை ஒட்டுறவு காரணமா?

குறியீட்டுத்தச்சன் | இரவு 10.05

காரணம் எதையும் தேட வேண்டாம். ஏழே எண்களிலிருந்து வந்த பரவற்படி அது. 655-ஐ 6-ஆல் பெருக்கி 1,593-ஆல் வகுத்தால் 2.47; வரையற்ற பாகைகள் 6 (ஏழில் ஒன்று குறைவு) உள்ள கை-வர்க்கப் பரவலில் (சாராத உறுப்புகளின் பரவற்படி தற்செயலாக எவ்வளவு மாறலாம் என்று காட்டுவது) அதற்கும் கீழே விழ 0.13 நிகழ்தகவு உண்டு, எனவே வியப்பில்லை. பழைய 13,363-க்கு இதே கணக்கைச் செய்தால் 9 பாகைகளுக்கு 42 வருகிறது. தற்செயலாக அவ்வளவு வர லட்சத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை.

பழங்கணக்கர் | இரவு 10.30

ஏழு எண்கள் நீள்நினைவை நிறுவப் போதா என்றால், மறுக்கவும் போதா. இதை ஆய்வேட்டில் எப்படி எழுதப் போகிறார் என்பதை அறிய விரும்புகிறேன்.

கயல்_புள்ளியியல் | வியாழன், மாலை 5.20

எல்லாருக்கும் நன்றி. பேரெண் விதி பற்றிய வரியை நீக்கிவிட்டேன். பத்துச் சராசரிகளையும் படமாக வரைந்து முதல் பக்கத்தில் வைத்திருந்தேன்; நெறியாளர் அதைப் பார்த்ததும் 1899-இன் மேல் விரலை வைத்து, இங்கே என்ன நடந்தது என்றுதான் முதலில் கேட்டார்.