மறு: 'கலர் ஃபேஸ்': நிறக்கட்டமா, நிறத்திரிபா?

நண்பர்களுக்கு வணக்கம்.

காட்டு வான்கோழிகளில் எப்போதாவது தென்படும் வேற்று நிறத்துக்குப் போன வாரம் 'நிறக்கட்டம்' என்று எழுதிவிட்டு, இரண்டே நாளில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். திட்டியவர்கள் சொன்னது சரி. அமெரிக்க வேட்டைக்காரர்கள் 'ஸ்மோக் ஃபேஸ்', 'ரெட் ஃபேஸ்' என்று பேசுவதைப் பிடித்து, ஃபேஸ் (phase) என்றால் கட்டம் என்று போட்டது என் சோம்பல். கட்டம் என்றால் கடந்து போவது. குஞ்சு, விடலை, முழுச்சேவல் என்பவை கட்டங்கள். நான் பார்த்த கோழிக்கு அது பிறவி நிறம். பறவையியலாரே இதே காரணத்துக்காக ஃபேஸைக் கைவிட்டு 'மார்ஃப்' என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒஹாயோவில் நவம்பர் கடைசி, அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடு. இருபதுக்கு மேல் பெட்டைகள், எல்லாம் ஈர மண்ணின் நிறம். நடுவில் ஒன்று மட்டும் வெள்ளை. ஏதோ பண்ணையிலிருந்து தப்பி வந்தது என்றே நினைத்தேன். தொலைநோக்கியில் பார்த்தால் வெள்ளையும் இல்லை: மார்பில் ஒவ்வோர் இறகின் விளிம்பிலும் மை தொட்டு இழுத்ததுபோல் ஒரு கருங்கோடு, இறக்கையில் பட்டை பட்டையாகச் சாம்பல், கண் மட்டும் மற்றவற்றைப் போலவே கருப்பு. கார்க் கதவைச் சாத்திய சத்தத்தில் கூட்டம் ஓடியது. மரங்களுக்குள் போய் மறையும்வரை என் கண்ணுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். வேட்டையாடும் கொயோட்டிக்கும் (ஓநாயின் சிறிய உறவு) பெரிய கொம்பன் ஆந்தைக்கும் அப்படித்தானே தெரியும்?

இனி உங்கள் பரிந்துரைகள்.

> 'நிறமாற்றம்' என்றால் எல்லாருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். வான்கோழிச் சேவலின் தலையும் கழுத்தும் மயிரில்லாத வெறுந்தோல். அது சிலிர்த்து நிற்கும்போது தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்கினால் சிவப்பு வடிந்து நீலமும் வெள்ளையும் ஏறும். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் சிவக்கும். ஜப்பானிய மொழியில் இந்தப் பறவைக்குப் பெயரே 'ஏழுமுகப் பறவை'. நிறமாற்றம் என்ற சொல் அந்தத் தலைக்கு வேண்டும், அதைத் தூக்கி இறகுக்குக் கொடுத்துவிட முடியாது.

> நிறவகை?

இதுவும் ஆகாது. கிழக்கத்திய வான்கோழிக்கு வால் நுனி செம்பழுப்பு, மேற்கு மலைகளின் மெரியம் வான்கோழிக்குப் பாலேட்டு வெள்ளை. அவை துணையினங்கள். வகை என்றால் வாசகர் அங்கே போய்விடுவார்.

> மார்ஃப் = நிறவுரு

பேராசிரியர் ஐயா தந்த இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. அதனாலேயே இங்கே வீணாக்க மனமில்லை. அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் ஸ்கிரீச் ஆந்தையில் சாம்பலும் செம்மையும் ஒரே கூட்டுக் குஞ்சுகளிலேயே வரும். இரண்டும் அந்த இனத்தின் வழக்கமான தோற்றம்தான். நிறவுரு என்ற பெயர் அதற்குப் பொருந்தும். வான்கோழியில் நடப்பது அப்படி இல்லை, பெருங்கூட்டத்தில் அத்திப் பூத்தாற்போல ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 2 லட்சம் அளவுக்குச் சரிந்த பறவை இன்று 60 லட்சத்தை ஒட்டி இருக்கிறது. எல்லார் கையிலும் காமிரா வேறு. அதனால் இப்படி வேற்று நிறக் கோழியின் படம் அடிக்கடி வருகிறது, அவ்வளவே.

> 'திரிபு' வேண்டாம். கொரோனாவுக்குப் பிறகு அந்தச் சொல்லே பயமாக இருக்கிறது. பால் திரிந்தது என்றும் சொல்கிறோமே!

அக்கா, இதில்தான் உங்களோடு மல்லுக்கு நிற்கப் போகிறேன். பள்ளியில் படித்த புணர்ச்சியை நினைத்துப் பாருங்கள்: தோன்றல், திரிதல், கெடுதல். கெடுவதற்குத் தனியாக ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். திரிதல் என்பது ஓர் எழுத்து இன்னோர் எழுத்தாவது மட்டும்தான். பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். ன் போய் ற் வந்தது, பொன்னின் மாற்று குறையவில்லை. மரபணுவிலும் நடப்பது எழுத்து மாறுவதுதான். நான் பார்த்த கோழியின் 'ஸ்மோக்' நிறத்துக்குக் காரணமான மாற்றம் ஒடுங்கு பண்பு என்கிறார்கள், அதாவது சாதாரண நிறத்தில் உள்ள பறவைகளுக்குள் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து கிடந்து, ஒருநாள் ஒரு குஞ்சில் வெளிப்படும். இதைவிடப் பொருத்தமாக 'திரிபு' எங்கே உட்காரும்? (அந்த மூன்றுக்கும் சேர்த்து இலக்கணம் வைத்த பெயர் 'விகாரம்'. நல்லவேளை, அதை யாரும் முன்மொழியவில்லை.)

ஆக, பொதுச்சொல் நிறத்திரிபு. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைப்பதில்தான் எனக்குக் குழப்பம். ஸ்மோக்கை 'புகைநிறம்' என்று போடலாம், ஆனால் நேரில் பார்த்தால் புகை நினைவுக்கு வரவில்லை. எனக்கு வந்தது காங்கேயம் மாடு. கொங்குப் பக்கம் மயிலை, செவலை, காரி என்று மாட்டின் நிறத்துக்குச் சொற்கள் தயாராக இருக்கின்றன. வெள்ளையில் சாம்பல் ஓடினால் மயிலை. செம்பழுப்பு மிகுந்த வான்கோழி செவலை, முழுக் கருப்பு காரி. இந்த இரண்டும் ஸ்மோக்கைவிட அரிது. ஒரே இடைஞ்சல், 'மயிலை வான்கோழி' என்றால் சென்னைக்காரர்கள் கபாலி கோயில் பக்கம் தேடுவார்கள். மற்றவர்கள் மயிலைப் பார்த்து ஆடிய கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வெள்ளையில் மட்டும் கண்டிப்பாக இரண்டு சொல் வேண்டும். மெலனின் என்ற கருநிறமி அறவே உண்டாகாத பறவைக்கு இரத்தம் தெரிந்து கண் இளஞ்சிவப்பாக இருக்கும். அதை 'நிறமியின்மை' என்போம். மெலனின் உண்டாகியும் இறகில் போய்ச் சேராவிட்டால் இறகு வெளுக்கும், கண் கருப்பாகவே இருக்கும். அதற்கு 'வெளிறல்'. இரண்டிலும் வெள்ளை இறகில் வெண்கல மினுக்கம் இருக்காது, ஏனென்றால் அந்த மினுக்கமே உள்ளீடற்ற மெலனின் குழல்களின் அடுக்கில் ஒளி பட்டு வருவது. 'வெண்குட்டம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். மனிதர்களுக்கே அந்தச் சொல் வேண்டாம் என்று போராடி 'வெண்புள்ளி' ஆக்கியிருக்கிறார்கள், கோழிக்கு மட்டும் எதற்கு?

படக்குறிப்பை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். இப்போதைக்கு 'மயிலை நிறத்திரிபு, பெட்டை' என்று எழுதி வைத்திருக்கிறேன். மாடு வளர்ப்பவர்கள் யாராவது குழுவில் இருந்தால், இறகின் விளிம்பில் மட்டும் கருப்பு ஓடுவதற்கு உங்கள் பக்கம் வேறு பெயர் உண்டா என்று சொல்லுங்கள். அப்புறம், சேவல் வளர்ப்பவர்களையும் கேட்க வேண்டும்; அவர்களிடம் இதைவிடப் பெரிய பட்டியல் இருக்கும்.