விஆர் ஹெட்செட் வாங்கலாமோ? பாவிச்ச ஆக்கள் சொல்லுங்கோ

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலை, உவர்மலைப் பக்கம். அடுத்த மாசம் அத்தான் லண்டனில இருந்து வாறார், "மெட்டா குவெஸ்ட் கொண்டு வரட்டே?" எண்டு கேக்கிறார். அது ஃபேஸ்புக்கின்ர தாய்க் கொம்பனி மெட்டாவின்ர விஆர் ஹெட்செட், முகத்தில கட்டினா கணினி உலகத்துக்குள்ளயே நிக்கிற மாதிரித் தெரியும். காசு நான்தான் குடுக்கோணும், அதால யோசனை.

நான் பாத்த வரைக்கும் ரெண்டு தெரிவு. 2023இல வந்த குவெஸ்ட் 3, அறிமுக விலை 499 டொலர். 2024இல வந்த 3எஸ், 299இல தொடங்கினது. ரெண்டுக்கும் சிப் ஒண்டுதான். ஆனா 3எஸ்இல பழைய ஃப்ரெஸ்னல் லென்ஸ் (வளையம் வளையமாக் கோடு உள்ள வகை), ஓரம் மங்கலாத் தெரியுமாம். நான் கண்ணாடி போடுற ஆள், எனக்கு அந்த வித்தியாசம் பெரிசாத் தெரியுமோ? சோனியின்ர பிளேஸ்டேஷன் விஆர்2 வேண்டாம், அதுக்கு பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டியோ, இல்லாட்டி அடாப்டரோட நல்ல கணினியோ வேற வேணும்.

இன்னொரு விசயம், எங்கட வெக்கை. ஃபேன் போட்டாலே வேர்க்கிற ஊரில முகத்தில ஒண்டைக் கட்டிக்கொண்டு விளையாட ஏலுமோ? லென்ஸில ஆவி படிஞ்சு மங்காதோ? நிண்டு விளையாட 2 மீற்றருக்கு 2 மீற்றர் இடம் வேணுமாம். ஹோலில சோபாவைத் தள்ளினா சமாளிக்கலாம், அம்மா விட்டா.

மகனுக்கு 11 வயசு. 10 தொடக்கம் 12 வயசுப் பிள்ளையளுக்குப் பெற்றோர் கணக்குத் திறந்து குடுக்கோணும் எண்டு மெட்டா சொல்லுது. தலைச்சுத்து, சத்தி வந்த அனுபவம் ஆருக்கும் இருக்கோ?

முக்கியமா, வாங்கின ஆக்கள் இப்பவும் பாவிக்கிறீங்களோ, இல்லாட்டி அலுமாரியில கிடக்கோ? பழுதானா இலங்கையில ஆர் திருத்துவினம்? பாவிச்சதை விக்கிற ஆக்கள் இருந்தா உள்பெட்டிக்கு வாங்கோ.