மலையில் கூடாரமிட்டுத் தங்கும் பயணங்களுக்கு எந்தப் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஏற்றது?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் வசிக்கிறேன். மனைவி, 11 மற்றும் 7 வயதுள்ள இரு பிள்ளைகள் ஆகியோருடன் விடுமுறைகளில் கூடாரமடித்துத் தங்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. வால்பாறைப் பக்கத்துத் தனியார் எஸ்டேட்டுகள், மேகமலை அடிவாரம், கல்வராயன் மலையில் தெரிந்தவர்களின் தோட்டங்கள் என்று இதுவரை சிறிய காரிலேயே போய் வந்துவிட்டோம். ஆனால் இத்தகைய இடங்களில் கடைசி மூன்று, நான்கு கிலோமீட்டர் பெரும்பாலும் கல்லும் பள்ளமும் நிறைந்த ஏற்றமாக இருக்கிறது. மழை பெய்துவிட்டால் செம்மண் சேறாகிவிடுகிறது. வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டுச் சாமான்களைச் சுமந்து ஏறுவது இனி இயலாது என்பதால், பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். வாய்த்தால் ஒரு முறை இமாச்சலப் பிரதேசத்து ஸ்பிட்டி வரை போய் வரவும் ஆசை.

செலவு எல்லாம் சேர்த்து 9 இலட்சம் ரூபாய்க்குள் முடிய வேண்டும். மாருதி ஜிப்சி, 2020க்கு முந்தைய மஹிந்திரா தார், டாடா சஃபாரி ஸ்டார்ம், ரெனோ டஸ்டர் ஆகிய நான்கும் என் பட்டியலில் உள்ளன. அதே விலைக்குப் பழைய ஃபார்ச்சூனரோ எண்டெவரோ கிடைக்கும்போது இவை எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எதை வாங்குவது, வாங்குமுன் எவற்றைப் பார்ப்பது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

ஆனைமலை வாசகன் எழுதியது:

உங்கள் பட்டியலில் ஜிப்சியும் பழைய தாரும் மலையேறுவதில் சளைத்தவை அல்ல. ஜிப்சியின் எடை ஏறத்தாழ ஒரு டன் மட்டுமே என்பதால், கனமான வண்டிகள் புதையும் சேற்றில் அது மிதந்து போய்விடும். 2015இல் திருத்தி வெளியிடப்பட்ட தாரில் பின் அச்சுக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியலும் (இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவும் பற்சக்கரத் தொகுதி) வந்தது. ஆயினும் இவ்விரண்டையும் நான் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டிலும் பின்புறம் இருப்பவை பக்கவாட்டில் பார்த்த பெஞ்சு இருக்கைகள். உங்கள் பிள்ளைகள் அமரப்போவது அங்கேதான். காற்றுப் பை கிடையாது, பிள்ளைகளை முறையாகக் கட்டி அமர்த்தும் சீட் பெல்ட் வசதியும் இல்லை. கடைசி நான்கு கிலோமீட்டருக்காக, அதற்கு முன் உள்ள இருநூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் பிள்ளைகளை அப்படி அழைத்துச் செல்வதை என் மனம் ஏற்கவில்லை. தனி ஆளாகவோ இருவராகவோ போகிறவர் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

2020 அக்டோபரில் வந்த புதிய தார் இந்தக் குறையைப் பெருமளவு போக்கிவிட்டது. முன்னோக்கிய பின்னிருக்கைகள் உள்ள அந்த வண்டி குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்றது. ஆனால் நால்வர் அமர்ந்த பின் சாமான் வைக்க இடம் இருக்காது. கூடாரம், அடுப்பு, தண்ணீர் எல்லாம் கூரைக்குத்தான் போக வேண்டும். தவிர, உங்கள் தொகைக்கு நல்ல நிலையில் அது கிடைப்பது அரிது. விலை குறைவாக ஒன்று கண்ணில் பட்டால், அது பின் சக்கரங்கள் மட்டும் இயங்கும் வகையா என்று முதலில் பாருங்கள். 2023 முதல் அப்படியும் ஒரு தார் விற்பனையாகிறது. ஸ்டார்மிலும் டஸ்டரிலும்கூட இரு சக்கர இயக்க வண்டிகளே மிகுதி. விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்பாமல், உள்ளே நெம்புகோலோ திருகு விசையோ இருக்கிறதா, வண்டிக்கு அடியில் முன் அச்சுக்கோ பின் அச்சுக்கோ செல்லும் இரண்டாவது தண்டு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதே வழி.

பழைய ஃபார்ச்சூனரும் எண்டெவரும் மிகத் திறமையான வண்டிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் வண்டியின் விலைதான் காலப்போக்கில் இறங்குமே தவிர, அதன் உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை. ஃபோர்டு நிறுவனம் 2021இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பின், வால்பாறையிலோ சின்னமனூரிலோ எண்டெவருக்கு ஒரு சென்சார் பழுதானால் என்ன செய்வீர்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். என் தேர்வு, நான்கு சக்கர இயக்கம் கொண்ட சஃபாரி ஸ்டார்ம். அதிலும் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் பிந்தைய வகை கிடைத்தால் நல்லது.

பட்டறைவாசி எழுதியது:

முந்தைய பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் எந்த வண்டி என்ற கேள்வியைவிட, எந்த நிலையில் உள்ள வண்டி என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் இரண்டு விதமாகக் கெட்டுப்போகின்றன. ஒன்று, காட்டிலும் ஆற்றிலும் முரட்டுத்தனமாக ஓட்டிக் கெடுப்பது. இதைப் பலரும் தேடிப் பார்ப்பார்கள். மற்றொன்று, நகரத்திலேயே ஓட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் ஃபோர் வீல் விசையைத் தொடாமலே விட்டுவிடுவது. ஸ்டார்ம் போன்று மின் மோட்டார் மூலம் மாறும் வண்டிகளில், அந்த மோட்டாரும் உள்ளிருக்கும் நகரும் பாகங்களும் இயக்கமின்றி இறுகிப்போகும். "நான் ஒரு நாளும் கரடுமுரடான பாதையில் எடுத்துச் சென்றதில்லை" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அதை நற்சான்றாகக் கொள்ளாமல் சோதித்தே பாருங்கள்.

சோதனையைத் தார்ச்சாலையில் செய்யக் கூடாது. இவ்வகை வண்டிகளில் நடு டிஃபரன்ஷியல் இல்லாததால், ஃபோர் வீலில் போட்டவுடன் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலக் கட்டாயப்படுத்தப்படுகின்றன. வளைவில் முன் சக்கரங்கள் அதிகத் தூரம் உருள வேண்டியிருப்பதால், சறுக்க இடம் தராத சாலையில் அந்த முறுக்கம் முழுவதும் பற்சக்கரங்களின் மேல் விழும். மண் தரையுள்ள ஒரு மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஃபோர் ஹையில் (வழக்கமான வேகத்துக்கான நான்கு சக்கர நிலை) போட்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, மெல்ல நகர்த்துங்கள். யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பதுபோல் வண்டி தயங்கினால் முன் அச்சு உண்மையாகவே இணைந்திருக்கிறது என்று பொருள். எந்தத் தயக்கமும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு திரும்பினால், முகப்பில் விளக்கு எரிந்தாலும் நம்ப வேண்டாம். பிறகு வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஃபோர் லோவுக்கு (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் லோ கியர் நிலை) மாற்றி, முதல் கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். நடந்து போகிறவர் வேகத்தைவிடக் குறைவாக, உதறாமல் ஏற வேண்டும். அதே மேட்டில் இறங்கும்போது பிரேக்கை மிதிக்காமல் எஞ்சினே வண்டியைப் பிடித்து மெதுவாக இறக்குகிறதா என்றும் கவனியுங்கள்.

அடுத்ததாக வண்டியைப் பட்டறையில் தூக்கிப் பார்க்க வேண்டும். சேஸிஸின் அடியில் புதிதாகக் கறுப்பு வண்ணம் அடித்திருந்தால், துருவையோ வெல்டிங்கையோ மறைக்கிறார்களா என்று சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரு அச்சுகளிலும், அவற்றுக்கு எஞ்சின் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் சிறிதளவு ஆயிலை இறக்கிப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நெடுநேரம் ஓடிச் சூடேறிய அச்சு திடீரென ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். மேலே காற்றுக் குழாய் அடைத்திருந்தால், அந்த வெற்றிடத்தை நிரப்ப ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் உறிஞ்சப்பட்டுவிடும். வடிதிருகில் உள்ள காந்தத்தில் மெல்லிய இரும்புத் தூள் ஒட்டியிருப்பது இயல்பு. நகத்தில் நிரடும் துண்டுகள் இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

சென்னை வண்டி என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் பல கைமாறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சீட் பெல்ட்டை இறுதிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியைக் கழுவுவதற்குப் பொதுவாக யாரும் மெனக்கெடுவதில்லை. அங்கே சேற்றுக் கறை தென்பட்டால் மற்றவற்றைப் பார்க்கவே தேவையில்லை.

நான்கு டயர்களும் ஒரே அளவு, ஏறத்தாழ ஒரே தேய்மானம் என்பதையும் உறுதிசெய்யுங்கள். 9 இலட்சத்தில் ஒன்றரை இலட்சத்தை டயர், ஆயில்கள், கிளட்ச், புஷ்கள் ஆகியவற்றுக்காக ஒதுக்கிவிட்டு, மீதித் தொகைக்கு வண்டி தேடுங்கள். பட்டறையில் தூக்கிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் விலை பேசவே வேண்டாம்.

கொண்டைஊசி எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். நீங்கள் சொன்ன இடங்களுக்கு டஸ்டரின் ஏ.டபிள்யூ.டி. (நான்கு சக்கர இயக்க) வகை போதுமானது. அதில் லோ கியர் இல்லை என்பது உண்மை. ஆனால் முதல் கியரையே மிகக் குறைந்த வேகத்துக்கென அமைத்திருக்கிறார்கள். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் இருப்பதால், சாலையில் பிள்ளைகளுக்குக் குமட்டல் வராத அளவுக்கு நிதானமாகப் போகும். உங்கள் ஓட்டத்தில் மிகப் பெரும்பகுதி தார்ச்சாலையும் கொண்டை ஊசி வளைவுகளுமாகவே இருக்கப்போகிறது. கொல்லிமலையின் 70 வளைவுகளில் இரண்டு டன்னைத் தாண்டும் ஸ்டார்மைத் திருப்பிக்கொண்டே ஏறுவது எல்லோருக்கும் இன்பமாக இருக்காது. டஸ்டரில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சீட்டு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லையென்றால், வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள்.

பட்டறைவாசி எழுதியது:

ஏறுவதற்கு டஸ்டர் போதும் என்பதை ஏற்கிறேன். என் தயக்கம் இறங்குவதைப் பற்றியது. நால்வரும் முழுச் சாமான்களும் உள்ள வண்டியை ஈரக் கற்பாதையில் இறக்கும்போது, லோ கியர் இல்லையென்றால் பிரேக்கை விடாமல் மிதிக்க நேரிடும்; ஈரத்தில் சக்கரம் பூட்டிச் சறுக்குவது அப்போதுதான். மேலும், சக்கரங்கள் நெடுநேரம் சுழன்றுகொண்டே இருந்தால், டஸ்டரின் பின் அச்சை இணைக்கும் மின்காந்தக் கிளட்ச் சூடேறித் தற்காப்புக்காக விலகிக்கொள்ளும். எஸ்டேட் பாதை ஓரளவு சீரமைக்கப்பட்டது என்றால் டஸ்டரே வாங்கலாம். கல்வராயன் மலைத் தோட்டம் போன்ற இடங்கள்தான் அதிகம் என்றால் ஸ்டார்ம்.

நொய்யல்கரை எழுதியது:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஸ்டார்ம் பக்கம் மனம் சாய்கிறது. டில்லிப் பதிவெண் கொண்ட வண்டி ஒன்றை, இங்குள்ள விலையைவிடக் கணிசமாகக் குறைத்துத் தருவதாக ஒரு தரகர் கூறுகிறார். முன்பக்கம் இரும்புக் கம்பியும் கூரைமேல் கூடாரமும் ஏற்கெனவே பொருத்தியிருக்கிறதாம். வாங்கலாமா?

ஆனைமலை வாசகன் எழுதியது:

டில்லித் தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அங்கிருந்து வண்டிகள் மலிவாகத் தெற்கே வரத் தொடங்கியதற்கு அதுவே முதன்மைக் காரணம். வண்டி மோசம் என்று அதற்குப் பொருளில்லை. ஆனால் விலையோடு மற்ற செலவுகளையும் கூட்டிப் பாருங்கள். அங்குள்ள அலுவலகத்திலிருந்து படிவம் 28இல் தடையின்மைச் சான்று, கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான படிவம் 35, உரிமை மாற்றத்துக்கான 29, 30, பிறகு இங்கே புதிய பதிவெண்ணும் தமிழ்நாட்டு ஆயுள் வரியும் என்று வரிசையாக இருக்கின்றன. பதிவு நாளிலிருந்து 15 ஆண்டு முடிந்ததும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்கவும் வேண்டும். சான்று கையில் வரும்வரை முழுத் தொகையையும் தரகரிடம் கொடுத்துவிட வேண்டாம்.

முன்பக்க இரும்புக் கம்பியைக் கழற்றிவிட்டே வாங்குங்கள். அவ்வாறான கம்பிகள் சட்டவிரோதம் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. மோதலின்போது காற்றுப் பைகள் உரிய நேரத்தில் விரிவதையும் அது கெடுக்கும். வண்டியின் அமைப்பில் செய்யும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. தெரிவிக்காத மாற்றங்களைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் கூடும். கூரைக் கூடாரமும் நால்வருக்குப் போதாது. ஐம்பது, அறுபது கிலோவை உச்சியில் ஏற்றிக்கொண்டு சரிவான மலைப்பாதையில் போவதைவிட, தரையில் அடிக்கும் கூடாரமே பாதுகாப்பானது.

வண்டி வந்துவிட்டது என்பதற்காகக் காப்புக்காட்டுக்குள் இறங்கிவிடாதீர்கள். அனுமதியின்றி நுழைந்து தங்குவது வனச் சட்டப்படி குற்றம். புலிகள் காப்பகமாக இருந்தால் வழக்கு இன்னும் கடுமையாகும். இப்போது செய்வதுபோலத் தனியார் தோட்டங்களிலும் வனத்துறை அனுமதித்த தங்குமிடங்களிலும் தங்குவதே சரி.

பட்டறைவாசி எழுதியது:

ஸ்டார்ம் என்று முடிவானால் இன்னும் சில குறிப்புகள். அதன் ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்குகிறது. சேற்றில் பஞ்சரானால் படுத்துக்கொண்டுதான் இறக்க வேண்டும். இறக்கும் சங்கிலி துருப்பிடித்து இறுகவில்லையா என்று வாங்குமுன் ஒரு முறை இறக்கி ஏற்றிப் பாருங்கள். காற்றடிக்கும் சிறிய கம்பிரசர் ஒன்று அவசியம். மணலிலும் சேற்றிலும் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ. வரை குறைத்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் தார்ச்சாலைக்குத் திரும்புமுன் மீண்டும் நிரப்பியாக வேண்டும். இழுவைக் கயிற்றைச் சேஸிஸில் உள்ள கொக்கியில் மட்டுமே மாட்டுங்கள். டிரெய்லர் இழுக்கும் குமிழில் மாட்டி இழுத்தால், அது பிய்த்துக்கொண்டு குண்டுபோல் பாயும். மாதம் ஒரு முறையாவது மண் தரையில் ஃபோர் வீலில் போட்டுச் சிறிது தூரம் ஓட்டுங்கள். டயர் மாற்றும்போது ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்குங்கள்; மூன்று தேய்ந்த டயர்களுக்கு நடுவே ஒரு புது ஸ்டெப்னியை மாட்டி ஃபோர் வீலில் ஓட்டினால், சுற்றளவு வேறுபாடு டிரான்ஸ்ஃபர் கேஸைத்தான் தின்னும்.