அமெரிக்காவில் வீடு வாங்கப்போகிறீர்களா? அடுப்பை எண்ணிவிட்டு வாங்குங்கள்

ஹட்டனுக்கு லீவில் வந்து பத்து நாளாகிறது. வெளியே விடாத மழை, கையில் பிளேன்டீ. புதிதாக அமெரிக்கா போன நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வீடு பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இதை எழுத உட்கார்ந்தேன். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், குடும்பம் பெருத்தால் என்ன செய்வோம்? இஸ்தோப்பை, அதாவது முன் திண்ணையை, அடைத்து ஒரு காம்பரா. பின்பக்கம் தகரம் இறக்கி ஒரு குசினி. மகன் கல்யாணம் கட்டினால் அடுப்பு இரண்டாகும். அந்தப் பழக்கத்தோடுதான் நானும் அங்கே வீடு வாங்கினேன். முந்தின சொந்தக்காரர் பேஸ்மென்டில் அடுப்பும் சிங்கும் போட்டு வைத்திருந்தார். கீழே வாடகைக்கு விட்டால் கடனில் பாதி அடையும் என்று என் கணக்கு. மூன்றாம் மாதம் நகராட்சிக் கடிதம் வந்தது: அடுப்பைக் கழற்று, வாடகைக்காரரை எழுப்பு. நான் வைத்த அடுப்பு இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

அங்கே பெரும்பாலான ஊர்களில் ஒவ்வொரு காணியையும் ஒரு வகையில் சேர்த்து வரைபடம் போட்டிருப்பார்கள். சோனிங் என்பது அதுதான். ஆர்-1 என்று இருந்தால் பொதுவாக ஒரு காணிக்கு ஒரு வீடு, ஒரு வீட்டில் ஒரு குடும்பம். இரண்டாவது குசினி வந்தால் பல ஊர்களில் அது இரண்டாவது வீடாகக் கணக்காகிவிடும். எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்டுவது, எவ்வளவு உயரம், எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. ஒரு வீட்டுக்குக் குறைந்தது 5,000 சதுர அடி காணி வேண்டும் என்பது அங்கே சாதாரண விதி. தோட்டத்து மக்கள் நாம் வீடு கட்ட வருடக்கணக்காகக் கேட்டு வாங்கும் 7 பேர்ச்சஸ் காணி சுமார் 1,900 சதுர அடிதான்!

இந்த சோனிங் முறை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926இல் சொன்னது. வழக்கு எங்கள் ஒஹையோவின் யூக்ளிட் ஊருடையது. தனி வீடுகளுக்கு நடுவே வரும் அடுக்குமாடியை ஒட்டுண்ணி என்றே அந்தத் தீர்ப்பு சொல்கிறது. லயத்தில் பிறந்தவனுக்கு அது சுருக்கென்று குத்தும்.

குடும்பம் என்றால் யார் என்பதிலும் சண்டை நடந்திருக்கிறது. கிழக்கு கிளீவ்லாந்தில் ஒரு பாட்டி, மகனையும் இரண்டு பேரன்களையும் தன்னோடு வைத்திருந்தார். பேரன்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இல்லை, ஒன்றுவிட்டவர்கள். அதற்காகப் பாட்டிக்கு 5 நாள் சிறை, 25 டாலர் அபராதம். அந்த விதி செல்லாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே அப்பாயியைத் தைரியமாகக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளலாம். சொந்தமில்லாத ஐந்தாறு பொடியன்கள் ஒரே வீட்டில் தங்குவதுதான் சிக்கல். அதைக் கட்டுப்படுத்தலாம் என்ற 1974ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்னும் நிற்கிறது. சில மாநிலங்கள் மட்டும் அப்படி விதி போடக்கூடாதென்று தடுத்திருக்கின்றன.

ஒரு காணிக்கு ஒரு வீடு என்ற விதி இப்போது கொஞ்சம் இளகிவருகிறது. ஒரேகன் 2019இல் சட்டம் போட்டது, கலிபோர்னியாவில் 2022 முதல் பல தனிவீட்டுக் காணிகளில் இரண்டு வீடு கட்டலாம். ஆனால் உங்கள் ஊர் எப்படி என்பதை ஊர் நகராட்சியில்தான் கேட்க வேண்டும். கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள். பேஸ்மென்ட் வேலைக்கு பெர்மிட் எடுத்தார்களா என்று விற்கிறவரிடம் காகிதம் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். ஹூஸ்டன் போகிறவர்கள், அங்கே சோனிங்கே இல்லை என்று துள்ள வேண்டாம். பல இடங்களில் காணி உறுதியிலேயே (பத்திரத்திலேயே) கட்டுப்பாடு எழுதியிருக்கும்.

பின்பக்கம் மரக்கறி போடலாமா, கோழி வளர்க்கலாமா என்று கொட்டகலைத் தம்பி கேட்டதற்கு: பின்பக்கம் போஞ்சி, லீக்ஸ் போடுவதற்குப் பெரும்பாலும் தடையில்லை. கோழி ஊருக்கு ஊர் மாறும். நாலைந்து பெட்டைக்கு விடுகிற ஊர்கள் இருக்கின்றன. சேவலுக்கு மட்டும் ஆசைப்படாதே தம்பி.