கம்பம்–குமுளி கிளைகள்: மாதக் கணக்கில் எதை எண்ணுவது? கடன் நிறுவனத்தின் மூன்று பிரிவினர் சொல்வது

நகைக்கடன் கிளை, கம்பம்

மாதக் கடைசியில் புதுக் கணக்கு எண்ணிக்கை திடீரென ஏறினால் முதலில் மறு அடகைப் பாருங்கள். வட்டியை மட்டும் கட்டி, அதே நகையை அன்றே திருப்பி வைத்தாலும் கம்ப்யூட்டரில் புதுக் கணக்கு எண் விழும். கண்டுபிடிப்பது எளிது. வாடிக்கையாளர் எண் ஒன்றே, ஒரே தேதியில் ஒரு கணக்கு முடிந்து இன்னொன்று திறந்திருக்கும். மொத்தம் 24 கிராம், கல்லும் மெழுகும் 2 கிராம் கழித்து நிகரம் 22 என்று இரண்டு சீட்டிலும் எடை மாறாமல் நின்றால் அது புது வியாபாரம் இல்லை. இவற்றை ஒதுக்கிய பிறகே இலக்கோடு ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ஊழியர்கள் வாசலில் நிற்கும் புது ஆளை விட்டுவிட்டு, பழைய ஆட்களுக்குப் போன் போட்டு "மாத்தி வச்சிருங்கம்மா" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

மீட்பு நேரத்தை எண்ணுங்கள். பணம் கட்டிய ரசீதில் உள்ள நேரம், நகை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்ட நேரம், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு? ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நெறிமுறை, நகையை அன்றே கொடுக்கச் சொல்கிறது. அதிகபட்சம் 7 வேலை நாள், அதற்கு மேல் கடன் கொடுத்தவர் பக்கத்துத் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கல்யாண வீட்டுக்காரருக்கு ஒரு மணி நேரமே அதிகம். பெட்டகத்துக்கு இரண்டு பேரிடம் சாவி இருக்கும், இரண்டாவது சாவிக்காரர் வெளியே போயிருந்தால் அது திறக்காது. நேரத்தை எழுதி வைத்தால்தான் இந்தத் தாமதம் கண்ணில் படும்.

குழுக்கடன் களப்பணி, கூடலூர்

நிலைமை மாறாமலே கணக்கு நன்றாகத் தெரிவதாகக் கம்பம் சார் சொன்ன கோளாறு, பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் குழுக்கடனில் 30 நாள் பாக்கி விகிதத்தில் வருகிறது. நிலுவை 1 கோடி, 30 நாளைத் தாண்டிய கடன்கள் 5 லட்சம் என்றால் 5 சதவீதம். அந்த மாதம் 25 லட்சம் புதுக்கடன் கொடுத்தால் நிலுவை 1.25 கோடி ஆகிவிடும். பாக்கியில் ஒரு ரூபாய் வசூலாகாமலே விகிதம் 4 சதவீதத்துக்கு இறங்கும். அதனால் கடன் கொடுத்த மாதவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு மாதக் கடனும் 3, 6, 12 மாதங்களில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள்.

போன மாதத்தோடு ஒப்பிடுவதும் இந்தப் பக்கம் செல்லாது. கடன் வாங்குகிறவர்களுக்குக் கூலி தரும் ஏலக்காய் பறிப்பு ஆடி, ஆவணியில் தொடங்கி தை வரை ஓடும். பிறகு கூலி குறையும். இந்த வருடச் சித்திரைக்குச் சரியான ஜோடி போன வருடச் சித்திரைதான்.

அடுத்தது வருகைப் பதிவு. தோட்டத்துக்குப் போகிற பெண்கள் விடியற்காலையில் ஜீப் ஏறினால் திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பது இத்தகைய சிறுகடன்களுக்கான ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதி. அதனால் வார நாளில் பகலில் கூட்டம் வைத்தால் அவருக்குப் பதில் மாமியாரோ மகளோ பணத்தோடு வந்து உட்காருவார். பதிவேடு நிறைந்துவிடும், கடன் வாங்கியவருக்கு வேலை நின்றுபோனது யாருக்கும் தெரியாது. 'அவரே வந்தார்' என்பதற்குத் தனிக் குறி வேண்டும். கூட்டத்தையும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். வசூல் இடத்தை இரு தரப்பும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அங்கே அடுத்தடுத்து இரண்டு முறை வராதவர் வீட்டுக்குத்தான் ஆள் போகலாம்.

புகார்ப் பிரிவு, குமுளி

நான் சேர்ப்பது மொழி. கேரளக் கிளை என்பதால் மென்பொருள் மலையாளத்தைத் தானாக நிரப்பிவிட்டால், கம்பத்துக்காரருக்கு அடகு நகையின் ஏல அறிவிப்பு அவரால் படிக்க முடியாத எழுத்தில் போகும். கணக்கில் மட்டும் 'அனுப்பப்பட்டது' என்று ஏறிவிடும். வட்டார மொழி அல்லது வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த மொழி என்று அந்த 2025 நகைக்கடன் நெறிமுறை இடம் கொடுக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, முக்கிய நிபந்தனைகளை ஊழியர் அல்லாத ஒரு சாட்சி முன்னால் விளக்க வேண்டும். மொழிக் கட்டம் காலியாகவே திறக்கட்டும், ஊழியர் கேட்டு நிரப்பட்டும்.

புகார் குறைந்த கிளைக்குப் பரிசு என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். கவுண்டரிலேயே சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவார்கள், தாளில் ஏறாது. முடித்ததாகக் காட்டியதில் எத்தனை மறுபடி வந்தது, 30 நாளுக்குள் எத்தனைக்கு எழுத்தில் பதில் போனது என்று எண்ணுங்கள். அந்த 30 நாள் தாண்டினால் வாடிக்கையாளர் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448.

நகைக்கடன் கிளை, கம்பம்

ஒன்று விட்டுப்போனது. மறு அடகை ஒதுக்கினால் அந்த அளவுக்கு இலக்கையும் குறைத்துக் கொடுக்க வேண்டும். பழைய இலக்கை அப்படியே வைத்தால் அதே மறு அடகு கணவர் பெயரிலோ அண்ணன் பெயரிலோ திரும்ப வரும், அப்போது வாடிக்கையாளர் எண்ணை வைத்துப் பிடிக்க முடியாது. எடையை வைத்துத்தான் தேட வேண்டியிருக்கும்.