புதுப்பிப்பு: ஒட்டிக்கொண்டு வந்த செய்திகள், காரணம் தெரிந்தது

பைத்தானில் எழுதிய என் முதல் சாட் சர்வரில் இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன, சில சமயம் பாதிதான் வருகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். நெட்வொர்க்கில் போகும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் கருவியில் பார்க்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. இரு முனைகளுக்கும் இடையே தரவைக் கொண்டுசெல்லும் டிசிபி நெறிமுறை தருவது செய்திகளை அல்ல, பைட்டுகளின் ஓட்டத்தை. வந்த தரவைப் படிக்கும் ரிசீவ் (recv) ஃபங்ஷனுக்கு 1024 என்று கொடுப்பது உச்சவரம்பு மட்டுமே. 3 பைட் மட்டும் வந்திருந்தாலும் அதைக் கொடுத்துவிட்டு ரிசீவ் திரும்பிவிடும்.

இப்போது ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டில் அனுப்புகிறேன். மறுமுனையில் முதலில் அந்த 4, அப்புறம் அத்தனை பைட்டும் சேரும்வரை லூப். அந்த 4 பைட்டே துண்டாக வரலாம், அதற்கும் லூப் வேண்டும். நீளத்தை, எழுத்துகளை என்கோட் செய்தபின் (அதாவது பைட்டுகளாக மாற்றியபின்) எண்ணுங்கள். யூடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் ‘அ’ ஒன்றே 3 பைட். ரிசீவ் வெறுமையாகத் திரும்பினால் மறுமுனை மூடிவிட்டது என்று அர்த்தம், லூப்பை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.