மூக்கில் கஞ்சிக் குமிழி வந்தால் தலைகீழாகப் பிடிக்கலாமா?

பாலக்கோடு:
நாலு வாரக் காக்டெயில் கிளிக் குஞ்சு. சிரிஞ்சுல கஞ்சி இறங்கும்போதே தலையை உதறிச்சு. மூக்கு ஓட்டை ரெண்டுலயும் வெள்ளைக் குமிழி வந்து நின்னுச்சு. அந்தக் குமிழி இன்னும் கண்ணை விட்டுப் போகல. பதட்டத்துல ஊட்டினவங்க குஞ்சைத் தலைகீழாப் பிடிச்சு உதறிட்டாங்க. இரைப்பை, அதாவது கழுத்தடியில இரை தங்குற பை, நிறையக் கஞ்சி இருந்துச்சு. மொத்தமும் வாய்க்கு ஏறி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடுச்சு. தலைகீழாப் பிடிக்கவே பிடிக்காதீங்க.

ஓசூர்:
அண்ணா, உதறினது தப்புதான். ஆனா சாய்க்கவே கூடாதுன்னு சொல்ல முடியாது. இரைப்பை காலியா இருந்து, வாயில மட்டும் தண்ணியோ கஞ்சியோ நின்னா, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி ரெண்டு மூணு விநாடி பிடிச்சு, காது குடையுற பஞ்சுக் குச்சியால ஒத்தி எடுக்கலாம். இரைப்பை உப்பியிருந்தா நிமிர்த்தியேதான் வைக்கணும்.

முதல்ல காது கொடுத்துக் கேளுங்க. கத்துது, இருமுதுன்னா காத்து போகுது, தொடாதீங்க. சத்தமே இல்லாம வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குனாத்தான் கையில எடுக்கணும். பறவைக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைஞ்சாத்தான் மூச்சு. நெஞ்சைச் சுத்தி இறுக்கிப் பிடிச்சா அடைப்பே இல்லாத பறவையும் செத்துடும். துண்டைத் தளர்வாச் சுத்தி, தாடையின் ரெண்டு பக்கமும் விரல் வெச்சு, செல்போன் டார்ச்சை வாய்க்குள்ள அடிங்க. நாக்கு தொடங்குற இடத்துக்குப் பின்னால சின்னக் கீறல் மாதிரி ஒண்ணு திறந்து மூடும், அதுதான் மூச்சுக்குழாய் வாய். அடைச்சது கண்ணுக்குத் தெரிஞ்சா முனை மழுங்கின இடுக்கியால எடுக்கலாம். தெரியலன்னா நோண்டாதீங்க, தண்ணியும் ஊத்தாதீங்க. தினை ஒண்ணு மூச்சுக்குழாய்க்குள்ள போயிட்டா வீட்டுல எடுக்கவே முடியாது. டாக்டர் வயித்துப் பக்கவாட்டுல காற்றுப்பைக்குள்ள குழாய் வெச்சு, அந்த வழியா மூச்சு விட வெச்சுட்டுத்தான் எடுப்பாரு.

அரூர்:
யாரும் கேட்கலன்னாலும் சொல்லணும், அடைப்புக்குக் காரணமே கஞ்சிதான். நம்ம பக்கம் கேழ்வரகுக் கூழைக் கரைச்சுக் கொடுக்கிறாங்க. ஆற ஆற அது இறுகும். சிரிஞ்சு முனையில கட்டி அடைக்கும், பிஸ்டனை அழுத்துவோம், கட்டி விட்டதும் மொத்தமும் ஒரே பீச்சா வாய்க்குள்ள பாயும். குஞ்சுக்கு வேண்டிய புரதமும் அதுல இல்ல. குஞ்சுக்குன்னு விக்கிற மாவை வாங்கிச் சலிச்சுக் கரைங்க. சூடு 39 முதல் 41 டிகிரி செல்சியஸ். 43ஐத் தாண்டினா இரைப்பை வெந்துடும், ஆறிப்போனா செரிக்காம அங்கேயே தேங்கும். மணிக்கட்டுல சொட்டு விட்டுப் பார்க்கிறது போதாது, தெர்மாமீட்டர் வைங்க. பறவையோட இடது வாயோரத்துல முனையை வெச்சு வலது பக்கமாச் செலுத்துங்க, உணவுக்குழாய் அந்தப் பக்கம்தான் இறங்குது. குஞ்சு தலையை ஆட்டி விழுங்கினா மட்டும் அழுத்துங்க, நிறுத்தினா நீங்களும் நிறுத்துங்க.

காவேரிப்பட்டினம்:
எல்லாத்தையும் அடைப்புன்னு நினைச்சுடாதீங்க. நாம லவ் பேர்ட்ஸ்னு சொல்ற பட்ஜியில ஆண், தலையை ஆட்டிக் கண்ணாடிக்கு இரையைக் கக்கி ஊட்டும், அது ஆசைதான். புறா வாயில மஞ்சளாப் பாலாடைக்கட்டி மாதிரி ஒட்டியிருந்தா அது நோய், சுரண்டினா ரத்தம் கொட்டும். நான்ஸ்டிக் சட்டி தீய்ஞ்ச புகையிலயும் வாயைப் பிளக்கும், உடனே வெளிக்காத்துக்குக் கொண்டு போங்க.

பாலக்கோடு:
ஓசூர் தம்பி சொன்னதை ஏத்துக்கிறேன், இரைப்பையைத் தடவிப் பார்த்துட்டுத்தான் முடிவெடுக்கணும். கஞ்சி போன குஞ்சு தெளிஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் அன்னிக்கே டாக்டர் பார்க்கணும், நுரையீரல் சளி அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்ல காட்டும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, அடியில துண்டு, உள்ளே இருட்டு, குளிர்காத்து படாம. நம்ம பக்கம் நிறைய ஆஸ்பத்திரியில மாடும் ஆடும்தான் வருது, பறவை பார்ப்பீங்களான்னு போன்ல கேட்டுட்டுக் கிளம்புங்க. தருமபுரியிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் தாண்டினா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. ஓசூர்க்காரங்களுக்குப் பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். வழியில பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காதீங்க.